வரிசையில் நின்றால் ஆட்டம் வராது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மைதானத்தில் கால்பந்து பழக வந்த 24 பிள்ளைகள். பயிற்சியாளர் அவர்களை இரண்டு வரிசையாக நிறுத்துகிறார். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஆறு கோன்கள். விசில் அடித்ததும் முதலில் நிற்பவன் கோன்களுக்கு இடையே பந்தை வளைத்துக்கொண்டு போய், திரும்பி வந்து அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். போய்வர 20 வினாடி. வரிசையில் 12 பேர். ஆக, ஒருவனுக்கு நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை பந்து கிடைக்கும். இருபது நிமிடத்தில் ஐந்து தடவை. மொத்தம் 100 வினாடி. மீதி 18 நிமிடத்துக்கு மேல் அவன் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பந்தோடு போகிற அந்த 100 வினாடியிலும் பந்தைப் பறிக்க எதிரே யாரும் இல்லை.

இதற்காக எந்தப் பயிற்சியாளரையும் குறை சொல்ல முடியாது. வரிசையும் விசிலும் நம் பள்ளிக்கூடங்களின் பழக்கம். சுவரோரம் நின்று பார்க்கும் பெற்றோருக்கும் அது ஒழுங்காக நடக்கும் பயிற்சியாகவே தெரியும். ஆனால் குமரி மாவட்டத்துக் கருங்கல் மாதிரி ஊரில் நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிய தட்டுப்பாடு. பள்ளி விட்டுப் பிள்ளைகள் மைதானத்துக்கு வர நாலரை ஆகிவிடும். ஆறரைக்குள் இருட்டும், டியூஷனும் தொடங்கும். ஆண்டில் இரண்டு மழைக்காலம் வேறு. கையில் இருப்பது வாரத்தில் சில நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் எதைச் செய்தால் பிள்ளைக்கு ஆட்டம் வரும் என்பதை உடலசைவுத் திறன்களை ஆராய்பவர்கள் அரை நூற்றாண்டாகச் சோதித்துவருகிறார்கள். அவர்கள் கண்டதில் முக்கியமானது இது: பயிற்சியில் நன்றாகச் செய்வது வேறு, கற்றுக்கொள்வது வேறு. பல நேரம் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

அமெரிக்காவில் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் 1979-இல் ஒரு சோதனை செய்தார்கள். சிறிய மரத்தடுப்புகளைக் கையால் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். வரிசை முறைகள் மூன்று. ஒரு குழு முதல் முறையை முழுக்கப் பழகிவிட்டு இரண்டாவதுக்குப் போனது, பிறகு மூன்றாவதுக்கு. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்துகட்டி வந்தன. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். கலந்து பழகியவர்கள் திணறினார்கள். பத்து நாள் கழித்து மறுபடி சோதித்தபோது நிலைமை தலைகீழ். திணறியவர்களுக்குத்தான் நினைவில் நின்றிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் மரக்கட்டை தட்டுவதற்கும் மைதானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1994-இல் கலிபோர்னியாவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் இதையே செய்து பார்த்தார்கள். மூன்று வகைப் பந்துவீச்சுகளை அடிக்க ஆறு வாரம் கூடுதல் பயிற்சி. ஒரே வகையைத் தொடர்ந்து அடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போன குழு சுமார் 25 சதவீதம் முன்னேறியது. எந்தப் பந்து வரும் என்று தெரியாமல் அடித்த குழு சுமார் 57 சதவீதம் முன்னேறியது. இரு குழுவினரும் அடித்த பந்துகளின் எண்ணிக்கை ஒன்றுதான்.

டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இன்னொரு ஆய்வையும் சொல்ல ஆசை. 2007-இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கணித மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஒரே மாதிரிக் கணக்குகளை அடுத்தடுத்துப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். பல வகையைக் கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முன்னவர்கள் 20 சதவீதம், பின்னவர்கள் 63 சதவீதம். காரணம் எளிது. ஒரே மாதிரிக் கணக்கு பத்து வந்தால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம். கோன்களைச் சுற்றும் பையனும் அப்படித்தான். எப்போது வளைப்பது, எப்போது பாஸ் கொடுப்பது, எப்போது நின்று பந்தைக் காப்பது என்ற தீர்மானம் அவனிடம் கேட்கப்படவே இல்லை. ஆட்டத்தில் கேட்கப்படுவதோ அது மட்டும்தான்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. பந்தை முதன்முதலாகக் காலால் தொடுகிற ஏழு வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் கலந்து கொட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். உள்பாதத்தால் பந்தை நிறுத்தவாவது வரும்வரை கொஞ்ச நேரம் ஒன்றையே திரும்பச் செய்யலாம். அந்தக் ‘கொஞ்ச நேரம்’ வருடக்கணக்கில் நீண்டுபோவதுதான் நம் சிக்கல்.

ஒன்றையே திரும்பச் செய்வது என்பதுகூட உடலுக்கு உண்மையில் நடக்காத காரியம். நிகொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ரஷ்ய அறிவியலாளர் 1920-களில் மாஸ்கோவில் சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம் பிடித்தார். ஆயிரக்கணக்கான தடவை அடித்துப் பழகிய கை. ஆனாலும் ஒரு வீச்சில் மூட்டுகள் போன பாதை அடுத்த வீச்சில் இல்லை. சுத்தியலின் முனை மட்டும் ஒவ்வொரு தடவையும் உளித்தலையில் சரியாக விழுந்தது. தோள் சற்று விலகினால் முழங்கை அதை ஈடுகட்டியது; முழங்கை தவறினால் மணிக்கட்டு. தேர்ச்சி என்பது ஒரே அசைவை மனப்பாடம் செய்வது அல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்வு காண்பது என்றார் பெர்ன்ஸ்டைன். பயிற்சி என்றால் அதே விடையைத் திரும்ப எழுதுவது இல்லை, விடை தேடும் வேலையைத் திரும்பச் செய்வது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு எடுத்துக்காட்டு தேடி மாஸ்கோ போக வேண்டியதில்லை. கருங்கலிலிருந்து புதுக்கடை வழியாகத் தேங்காப்பட்டணம் போய் ஆற்று முகத்தைத் தாண்டினால் இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டந்துறை, நீரோடி என்று கேரள எல்லைவரை கடலோரம் முழுக்கக் கால்பந்து ஊர்கள். ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்போன இந்தக் கடப்புறம் தமிழ்நாட்டு அணிகளுக்குத் தொடர்ந்து ஆட்டக்காரர்களைத் தந்திருக்கிறது. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், 2019-20 பருவத்தில் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றவர். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் ஐ-லீக் வரை ஆடியவர்.

கடற்கரை மணல் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறது? முதலில் கால்பலம். 1998-இல் பெல்ஜியத்தில் தியரி லெஜ்யூன் குழுவினர் அளந்து பார்த்தபோது, கெட்டித்தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட 1.6 மடங்கு ஆற்றல் செலவானது. கெட்டித்தரையில் ஒவ்வொரு அடியிலும் குதிகால் தசைநாண் சுருள்வில்லாக நீண்டு, அடுத்த அடிக்கு ஆற்றலைத் திருப்பித் தரும். மணல் காலடியில் நகர்ந்து அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. தசைதான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் என் கணிப்பில் அதைவிடப் பெரிய கொடை வேறு. மணலில் பந்து ஒருபோதும் ஒரே மாதிரி உருளாது. ஒரு குழி, ஒரு மேடு, ஈரமணல், உலர்மணல். பந்து காலுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் கால் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். அங்கே வரிசையும் இல்லை, கோனும் இல்லை. எத்தனை பேர் வந்தார்களோ அவர்களைப் பிரித்து ஆட்டம். எட்டு வயதுக்காரன் பதினைந்து வயது அண்ணனிடமிருந்து பந்தைக் காப்பாற்ற வழி கண்டுபிடிக்கிறான். பெர்ன்ஸ்டைன் சொன்னது அங்கே தானாக நடக்கிறது.

கருங்கலில் கடல் இல்லை. மைதானத்தில் ஆட நேரமும் அளந்துதான். எனவே கடற்கரை தானாகத் தருவதை இங்கே பயிற்சியாளர் திட்டம் போட்டுத் தர வேண்டும். உள்ளூர்ப் பயிற்சியாளரின் வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: நல்ல ஆட்டங்களை உருவாக்குவது.

மறுபடி அந்த 24 பேருக்கு வருவோம். அவர்களை நான்கு நான்காகப் பிரித்தால் ஆறு அணி. நீளம் 30 மீட்டர், அகலம் 20 மீட்டரில் மூன்று சிறு களங்களைப் பக்கம்பக்கமாகப் போட்டால் மூன்று ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். எல்லைக்குச் செருப்பு போதும், கோல்போஸ்ட்டுக்கு இரண்டு கதம்பை (தேங்காய் மட்டை) போதும். இந்த ஊரில் கதம்பைக்குப் பஞ்சம் இல்லை. தேவையானவை மூன்று பந்துகள். எட்டுப் பேருக்கு ஒரு பந்து என்பதால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. பதினொருவர் ஆட்டத்தில் ஓரத்தில் நின்றே ஒரு பாதியை ஓட்டிவிடுகிற கூச்சக்காரப் பையனுக்கும் இங்கே நிமிடத்துக்கு நிமிடம் பந்து வரும். நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறல், பிறகு எதிரணியை மாற்றி மறுபடி.

“அப்போ ஓட்டம்?” என்று பழைய பயிற்சியாளர்கள் கேட்பார்கள். மைதானத்தைப் பத்து ரவுண்டு சுற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறன் எப்படி வரும்? நார்வேயில் யான் ஹெல்கெரூடும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இளம் வீரர்கள் வாரம் இரு முறை, நான்கு நிமிடக் கடும் ஓட்டத்தை நான்கு தடவை, இடையில் மெதுஓட்டத்தோடு, எட்டு வாரம் செய்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் சுமார் 11 சதவீதம் உயர்ந்தது; ஆட்டத்தில் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது. அடுத்த ஆண்டே அதே குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: சிறு களத்தில் ஐந்துக்கு ஐந்து ஆடினாலே இதயத்துடிப்பு உச்சத்தின் 91 சதவீதத்தைத் தொடுகிறது. கடும் ஓட்டத்துக்கு வேண்டிய அளவு அதுதான். பந்தோடு ஆடும்போதே நெஞ்சும் பழகுகிறது என்றால், கிடைக்கிற ஒன்றரை மணியில் கால் மணியைப் பந்தில்லாத ரவுண்டுக்குக் கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். தண்டனையாக ஓடவிடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஓட்டத்தை வெறுக்கக் கற்றுத்தர அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

சும்மா ஆடவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. இன்று எதைக் கற்றுத்தர வேண்டுமோ அதை ஆட்டத்தின் விதிக்குள் ஒளித்துவைக்க வேண்டும். இதில் நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம் 1950 முதல் 1963-இல் இறக்கும்வரை இந்திய அணியின் பயிற்சியாளர். 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசியத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் எல்லாம் அவர் காலத்தில். டிரிப்ளிங் கூடாது என்று ஒரு போட்டி, பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று ஒரு போட்டி என அவர் ஹைதராபாத்தில் நடத்தியிருக்கிறார். டிரிப்ளிங் தடை என்றால் பந்து வருமுன்பே தலையைத் திருப்பி யார் எங்கே என்று பார்த்தாக வேண்டும். இடக்கால் மட்டும் என்றால் உடலையே வேறு பக்கம் திருப்பி நிற்கப் பழக வேண்டும். விதிகளை மாற்றி உடலைத் தானாகத் தீர்வு தேடவைக்கும் இந்த முறைக்கு அமெரிக்காவின் கார்ல் நியூவெல் 1986-இல் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். ரஹீம் அதற்கு முன்பே மைதானத்தில் செய்துவிட்டார்.

கருங்கல் களத்தில் இதை இப்படிச் செய்யலாம். பிள்ளைகள் எல்லோரும் பந்தைச் சுற்றி மொய்க்கிறார்களா? களத்தின் இரு ஓரத்திலும் கூடுதலாக ஒரு கோல் வையுங்கள். பத்து நிமிடத்தில் தாமாகவே பரவி நிற்பார்கள். பாஸ் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்களா? பாஸ் கொடுத்தவன் திரும்ப வாங்கி அடித்தால் அந்தக் கோலுக்கு இரண்டு மதிப்பு. ஒருவன் மட்டும் எல்லோரையும்விடத் தேர்ந்தவனா? அவனுக்கு இரண்டு தொடுதல் மட்டும். “பரவி நில்லுங்க” என்று நூறு தடவை கத்துவதைவிட ஒரு கதம்பையை இடம் மாற்றி வைப்பது மேல்.

கத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த கேப்ரியல் வுல்ஃப் 1990-களின் இறுதியிலிருந்து இதையே ஆராய்ந்தவர். கற்றுக்கொள்பவரின் கவனத்தை அவருடைய சொந்த உறுப்பின் மேல் வைப்பதைவிட, அசைவின் விளைவின் மேல் வைத்தால் நன்றாகக் கற்கிறார் என்பது அவர் கண்டது. 2002-இல் கால்பந்தில் உயரப் பாஸை வைத்தே சோதித்தார்கள். “பாதத்தைப் பந்தின் நடுக்கோட்டுக்குக் கீழே வை” என்பது போன்ற திருத்தங்களைக் கேட்டவர்களைவிட, “பந்தை நடுக்கோட்டுக்குக் கீழே அடி” என்பது போன்றவற்றைக் கேட்டவர்களின் குறி துல்லியமாக இருந்தது. வித்தியாசம் ஒரு நூலிழைதான். ஆனால் முதலாவது பிள்ளையைத் தன் கணுக்காலைப் பற்றி யோசிக்கவைக்கிறது. யோசித்தால் கால் விறைத்துப்போகிறது. எனவே “முட்டிய மடக்கு, கணுக்கால இறுக்கு” என்று அடுக்காமல், “மக்களே, பந்து அந்தக் கதம்பைக்கு அப்புறம் போய் விழணும், கேட்டியா” என்றால் போதும். முட்டி தானே மடங்கும்.

ஒவ்வொரு உதைக்கும் ஒரு திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. கரோலி வின்ஸ்டைனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் 1990-இல் செய்த சோதனையில், பாதித் தடவைகளுக்கு மட்டும் கருத்துச் சொல்லப்பட்டவர்கள், எல்லாத் தடவையும் சொல்லப்பட்டவர்களைவிடப் பின்னால் நன்றாகச் செய்தார்கள். எப்போதும் யாராவது சொன்னால் சொந்தக் கண்ணும் காலும் சொல்வதைக் கேட்கப் பிள்ளை பழகுவதில்லை. ஆட்டத்தன்று ஓரத்திலிருந்து சார் கத்துவது களத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கப்போவதும் இல்லை.

தொடக்கத்தின் 20 நிமிடத்தை உடம்பைக் காப்பதற்கு ஒதுக்க வேண்டும். நம் மைதானங்களில் வட்டமாக நின்று குனிந்து கால்விரலைப் பிடித்து எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்துப்பிடிப்பது தசையின் வேகத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கவே செய்யும். அதற்குப் பதில் ஃபிஃபா 11+ என்ற பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. மெதுஓட்டம், பிளாங்க், ஒற்றைக்கால் சமநிலை, முட்டி உள்நோக்கிச் சாயாமல் குதித்திறங்குவது, திசைமாற்றி ஓடுவது என்று 15 பயிற்சிகள். கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகின. முட்டிக் காயம் ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய இடி என்பது குமரிக்குத் தெரியும். 2020 நவம்பர் 20 அன்று பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜ் முட்டி தசைநார்க் காயத்தோடு வெளியேறினார்; அந்தப் பருவமே அவருக்குப் போயிற்று. ஆட்டத்தில் நேரும் எல்லாக் காயத்தையும் பயிற்சி தடுத்துவிடாது. தடுக்கக்கூடியதையாவது தடுக்கலாமே. தலையால் முட்டும் பயிற்சியைச் சிறு பிள்ளைகளுக்கு அறவே விட்டுவிடலாம். அமெரிக்கா 2015-இலும், இங்கிலாந்து 2020-இலும் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை விலக்கிவிட்டன.

நம் ஊர் வானிலைக்கும் தனிக் கவனம் தேவை. இங்கே வெயிலைவிட ஈரப்பதம்தான் வில்லன். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப்போகும். சொட்டிக் கீழே விழுந்தால் எதையும் எடுத்துப்போகாது. காற்றில் ஈரம் நிறைந்த மாலைகளில் பெரும்பாலும் சொட்டத்தான் செய்கிறது. அதனால் கால் மணிக்கு ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும். விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளை முதல் ஒன்றிரண்டு வாரம் மெல்லத்தான் ஏற்ற வேண்டும். உடம்பு வெக்கைக்குப் பழக அவ்வளவு நாளாகும். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் இடி மின்னல் இறங்கும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும், தென்னை மூட்டில் ஒதுங்கவிடவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி ஆனபிறகுதான் மறுபடி மைதானம். இறுதிப்போட்டி நாளையே என்றாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

கடைசியாக ஒரு ஆய்வு. அமெரிக்காவின் சியாட்டிலில் ஃபிராங்க் ஸ்மாலும் ரொனால்ட் ஸ்மித்தும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குச் சில மணிநேர வகுப்பு எடுத்தார்கள். நன்றாகச் செய்தால் உடனே சொல்லுங்கள், தவறினால் தைரியம் கொடுத்து அடுத்து என்ன செய்வது என்று காட்டுங்கள், கேலியும் தண்டனையும் வேண்டாம் என்பதே அதன் சாரம். 1992-இல் வெளியான முடிவின்படி, வகுப்புக்குப் போகாத பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. வகுப்புக்குப் போனவர்களிடம் ஆடியவர்களில் 5 சதவீதம்தான் வரவில்லை. இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கில் பெரிய வித்தியாசமும் இல்லை.

எனவே பயிற்சியாளரின் நோட்டில் இரண்டு பதிவுகள் இருக்கட்டும் என்பேன். செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொடுத்ததை அன்றைக்கே அளக்காமல், வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் யார் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது ஒன்று. இந்த ஜூனில் வந்த 24 பேரில் அடுத்த ஜூனில் எத்தனை பேர், ஆணும் பெண்ணுமாக, மறுபடி பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது இன்னொன்று. பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் கோப்பை அலமாரியைக் காட்டச் சொல்வார்கள். அவர்களிடம் இந்த நோட்டையும் நீட்டலாம்.